புதினாவுக்குப் புகழுரை போதும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் தாவரவியல், உயிர்வேதியியல், மருந்தியல் துறைகளில் எழுதப்படும் முதுகலை ஆய்வேடுகளில் புதினாவுக்கென்று ஒரு நிலையான இடம் உண்டு. அவற்றின் முன்னுரையும் ஏறத்தாழ நிலையானதே. புதினா பழங்காலம் தொட்டுப் பயன்பட்டு வரும் மூலிகை, செரியாமை, வாந்தி, தலைவலி, சளி, ஆஸ்துமா, மூட்டுவலி, வாய்நாற்றம், மாதவிடாய்க் கோளாறு, இரத்தசோகை யாவற்றையும் தீர்க்கும், நுண்ணுயிர்களைக் கொல்லும், புற்றுநோயையும் தடுக்கும். இந்தப் பட்டியலின் காலடியில் இருபது மேற்கோள் எண்கள். அந்த எண்களைத் தேடிப்போனால் அங்கே இன்னொரு தொகுப்புக் கட்டுரை நிற்கிறது. அதன் மேற்கோள்களைத் தேடிப்போனால் அதற்கும் மூத்த வேறொரு தொகுப்புக் கட்டுரை. இந்த நெடும்பயணத்தில் நோயாளி என்று ஒருவர் எதிர்ப்படுவதே அரிது.

புதினா பயனற்றது என்பதன்று இங்குள்ள வாதம். அதற்கு மெய்யான பயன்கள் உண்டு. அவற்றுள் சில மிகக் கவனமாக அளக்கப்பட்டும் உள்ளன. அளந்தவற்றையும் அளக்காதவற்றையும் ஒரே கூடையில் கொட்டி, ‘மருத்துவப் பயன்கள்’ என்று பெயர் எழுதி ஒட்டும் பழக்கமே இங்குக் கண்டனத்துக்குரியது. தெருவோர மூலிகைக் கடைக்காரர் இதைச் செய்தால் பிழைப்பு என்று விட்டுவிடலாம். முனைவர் பட்டம் பெற்றவர்கள் செய்யும்போது அதற்கு வேறு பெயர் தேவைப்படுகிறது.

1. எந்தப் புதினா?

புதினா என்பது பாரசீகச் சொல். உருது, இந்தி, மராத்தி, தெலுங்கு, தமிழ் என்று இந்திய மொழிகள் பலவும் அந்தப் பெயரையே சிறு சிறு மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டன. அந்த ஒரு பெயரின் நிழலில் இன்று குறைந்தது நான்கு செடிகள் நிற்கின்றன.

முதலாவது, காய்கறிக் கடையில் கட்டாக விற்கும் சமையலறைப் புதினா. இது பெரும்பாலும் மெந்தா ஸ்பிகாட்டா. இதன் மணத்துக்குக் காரணமான முதன்மைப் பொருள் கார்வோன். மென்தால் இதில் மிகச் சொற்பம். இரண்டாவது, மெந்தா பைபெரிட்டா என்னும் பெப்பர்மின்ட். நீர்ப்புதினாவும் ஸ்பிகாட்டாவும் கலந்து பிறந்த மலட்டுக் கலப்பினம் இது. விதையால் பெருகாது, ஓடுதண்டால் மட்டுமே பெருகும். இதன் எண்ணெயில் மென்தால் ஏறத்தாழ 30 முதல் 55 விழுக்காடு வரை இருக்கும். மூன்றாவது, மெந்தா ஆர்வென்சிஸ் என்றும், வகைப்பாட்டியலர் சிலரால் மெந்தா கனடென்சிஸ் என்றும் குறிக்கப்படும் ஜப்பானியப் புதினா. உத்தரப் பிரதேசத்தின் வயல்களை நிறைக்கும் பயிர் இதுவே. இதன் எண்ணெயில் மென்தால் 70 முதல் 80 விழுக்காடு. நான்காவது, இமயமலைச் சரிவுகளில் ஓடைக்கரைகளில் தானாக வளரும் மெந்தா லாங்கிஃபோலியா. மலைநாட்டார் துவையலுக்குக் கிள்ளிவருவது இதைத்தான்.

வேதியியல் நோக்கில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக மாட்டா. ஸ்பிகாட்டாவின் கார்வோனுக்கும் சதகுப்பை விதையின் கார்வோனுக்கும் அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றே. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் என்பது மட்டுமே வேறுபாடு. இந்தத் திருப்பம் ஒன்றினாலேயே மூக்கு ஒன்றைப் புதினா என்றும் மற்றதைச் சதகுப்பை என்றும் உணர்கிறது என்பது 1971இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஒரு மூலக்கூறு திரும்பி நின்றாலே மூக்கு கண்டுகொள்கிறது. செடியே மாறி நின்றும் கண்டுகொள்ளாத ஆய்வேடுகளை என்னென்பது?

தொகுப்புக் கட்டுரைகளில் இந்த நான்கு செடிகளும் ஒன்றாகிவிடுகின்றன. பைபெரிட்டா எண்ணெயில் செய்த மருத்துவச் சோதனை, ஆர்வென்சிஸ் சாற்றில் செய்த எலிச்சோதனை, ஸ்பிகாட்டா தேநீரில் செய்த இயக்குநீர் ஆய்வு ஆகிய மூன்றும் ‘புதினா’ என்ற ஒரே எழுவாயின் பயனிலைகளாக அடுக்கப்படுகின்றன. செய்முறைப் பகுதியில் ‘உள்ளூர்ச் சந்தையில் வாங்கிய புதினா’ என்று எழுதி முடித்துவிடும் ஆய்வேடுகளும் உண்டு. எந்தச் சிற்றினம், எந்த வளர்ச்சிப் பருவத்தில் அறுத்தது, எந்த உலர்தாவரத் தொகுப்பில் சான்று மாதிரி வைக்கப்பட்டுள்ளது என்பன போன்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடையாது. அத்தகைய ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க இயலாது. திரும்பச் செய்ய இயலாததை அறிவியல் என்று அழைப்பதும் இயலாது.

2. எவ்வளவு புதினா?

இரண்டாவது பிழை அளவு பற்றியது. பெப்பர்மின்ட் எண்ணெய் குடலெரிச்சல் நோய்க்குப் பயன்படுகிறது என்பது உண்மை. அதற்கெனச் சோதிக்கப்பட்டது இலையன்று. இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலுக்குச் சென்று கரையும்படி உறையிட்ட மாத்திரை. வழக்கமான அளவு ஒரு மாத்திரையில் 0.2 மில்லிலிட்டர் எண்ணெய். நாளுக்கு மூன்று முறை.

இதை இலையாக மாற்றிப் பார்க்கலாம். 0.2 மில்லிலிட்டர் எண்ணெயின் எடை சுமார் 180 மில்லிகிராம். பச்சைப் பெப்பர்மின்ட் இலையில் எண்ணெய் ஏறத்தாழ 0.3 விழுக்காடு என்று கொண்டால், ஒரு மாத்திரைக்கு 60 கிராம் பச்சை இலை வேண்டும். நாளுக்கு 180 கிராம். அதுவும் அத்தனை எண்ணெயும் ஆவியாகாமல், இரைப்பையில் சிதறாமல், குடல் வரை சென்றால். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டித் துவையலில் ஐந்து கிராம் இலை இருந்தாலே அதிகம். அந்த இலையும் மென்தால் அரிதாக உள்ள ஸ்பிகாட்டா. ஆக, மாத்திரைக்குக் கிடைத்த சான்றைத் துவையலுக்கு மாற்றி எழுதுபவர் இரண்டு பொய்களை ஒருசேரச் சொல்கிறார்: செடியும் வேறு, அளவும் வேறு.

கணக்கு கடினமானதன்று. பள்ளி இறுதி வகுப்பு மாணவர் போட்டுவிடக்கூடியது. எத்தனை தொகுப்புக் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கின்றன என்று தேடத் தொடங்கினால் தேடுபவர் விரைவில் களைத்துப்போவார்.

3. சான்றுகள் உண்மையில் சொல்வது

குடலெரிச்சல் நோய்க்கான எண்ணெய் மாத்திரையிலிருந்தே தொடங்கலாம். புதினாக் குடும்பத்தின் வலுவான சான்று அதுதான். 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 12 சோதனைகளையும் 835 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து, மருந்தற்ற மாத்திரையைவிடப் பெப்பர்மின்ட் எண்ணெய் மேல் என்று கண்டது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தில் 190 நோயாளிகளிடம் நடந்த சோதனை, முன்கூட்டியே வகுத்துக்கொண்ட முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. இரண்டாம்நிலை அளவுகோல்கள் சிலவற்றில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. 2021இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி தன் வழிகாட்டுதலில் பெப்பர்மின்ட்டைச் சேர்த்தது. சேர்க்கும்போதே பரிந்துரை நிபந்தனைக்குட்பட்டது என்றும், சான்றின் தரம் குறைவு என்றும் உடன் எழுதியது. பயன் இருக்கலாம், அதன் அளவு உறுதியில்லை, முயன்று பார்க்கலாம் என்பதே இதன் சாரம். நேர்மையான அறிவு பெரும்பாலும் இப்படித்தான் ஒலிக்கும். ‘வயிற்றுக் கோளாறுகள் அனைத்துக்கும் அருமருந்து’ என்று அது ஒலிக்காது.

அடுத்தது மூக்கடைப்பு. மென்தால் நரம்புகளில் என்ன செய்கிறது என்பது மிகத் தெளிவாக அறியப்பட்ட ஒன்று. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்னும் ஏற்பியை அது திறக்கிறது. அந்த ஏற்பி 2002இல் இனங்காணப்பட்டது. வெப்பம், தொடுதல் ஆகியவற்றின் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. வெப்பநிலை மாறாமலே குளிர்ந்ததுபோல மூளை உணர்வதற்குக் காரணம் இதுவே. மூக்கிலும் அதே கதைதான். 1980களில் கார்டிஃபில் நடந்த அளவீடுகள், மென்தாலை முகர்ந்தவர்களுக்கு மூச்சு தாராளமாகச் செல்வதுபோல் தோன்றினாலும் மூக்கின் காற்றுத் தடை குறையவில்லை என்று காட்டின. அடைப்பு அப்படியே இருக்க, அடைப்பு பற்றிய உணர்வு மட்டும் மாறுகிறது. இரவில் உறங்க முடியாதவருக்கு அந்த உணர்வும் ஓர் ஆறுதலே; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘சளியைக் கரைக்கும்’, ‘மூச்சுக்குழாயைத் திறக்கும்’ என்று எழுதுவதற்கு அது அனுமதி ஆகாது.

மூன்றாவது இரத்தசோகை. புதினா இலையில் நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு உண்டு என்று உணவு அட்டவணைகள் சொல்வதால், இந்தியப் பெண்களின் இரத்தசோகைக்கு அதுவே விடை என்று எழுதுவோர் உளர். நூறு கிராம் புதினாவை ஒரு வேளைக்கு உண்பவர் எவரும் இலர் என்பதை விட்டுவிடலாம். தாவர இரும்பை உடல் ஏற்பது குறைவு என்பதையும் விட்டுவிடலாம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு பெப்பர்மின்ட் தேநீர் பருகியபோது அந்த உணவிலிருந்து உடல் ஏற்ற இரும்பு 84 விழுக்காடு குறைந்தது. கறுப்புத் தேநீரின் விளைவுக்கு இணையான குறைவு இது. பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொள்வதே காரணம். இந்த ஆய்வும் பைபெரிட்டா பற்றியது, தேநீர் பற்றியது. துவையலுக்கு இதை அப்படியே நீட்டக்கூடாது. ஆனால் சாப்பாட்டோடு மூலிகைத் தேநீர் பருகச் சொல்லி இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அறிவுரை கூறுபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, சினைப்பை நீர்க்கட்டி. ‘ஸ்பியர்மின்ட் தேநீர்’ என்ற பெயரில் உலர்ந்த சமையலறைப் புதினா இன்று இளம்பெண்களிடம் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2010ஆம் ஆண்டுச் சோதனையில் பங்கேற்றவர்கள் 42 பெண்கள். காலம் 30 நாட்கள். குருதியில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது உண்மை. முகத்தில் முடி வளர்ச்சி குறைந்ததாகப் பங்கேற்றவர்கள் தாமே உணர்ந்ததும் உண்மை. மருத்துவ மதிப்பெண் முறையில் அளந்தபோது முடி வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்பதும் உண்மையே. விற்பனை விளம்பரங்கள் முதலிரண்டையும் சொல்லி மூன்றாவதை விழுங்குகின்றன. அதைவிட வருந்தத்தக்கது, ஆய்வு இதழ்களில் வரும் தொகுப்புக் கட்டுரைகளும் அவ்வாறே விழுங்குவது.

4. ‘தீங்கில்லையே’ என்னும் தப்பித்தல்

இவ்வளவையும் கேட்டபின் வழக்கமாக வரும் விடை: பயன் இல்லாவிட்டாலும் தீங்கில்லையே. உணவில் சேர்க்கும் இலைக்கு இந்த விடை பெரும்பாலும் பொருந்தும். எண்ணெய்க்கும் மென்தாலுக்கும் பொருந்தாது.

பெப்பர்மின்ட் எண்ணெய் குடல் தசையைத் தளர்த்துகிறது. அதன் பயனுக்குக் காரணமே அதுதான். உணவுக்குழாயின் கீழ்முனைச் சுருக்குத் தசையையும் அதே எண்ணெய் அதேபோலத் தளர்த்துகிறது. அந்தத் தசை தளர்ந்தால் அமிலம் மேலேறும். எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் உள்ளவருக்கு ‘செரிமானத்துக்கு நல்லது’ என்று புதினா எண்ணெய் மாத்திரை கொடுப்பது அவர் நோயைக் கூட்டும் வழி. கைக்குழந்தையின் மூக்கருகே மென்தால், கற்பூரம் கலந்த தைலம் பூசுவது அதைவிடப் பெரிய ஆபத்து; குரல்வளை இறுகி மூச்சு தடைப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இத்தகைய தைலங்களின் உறையில் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது என்று அச்சிடுவது அதனால்தான். புதினா இனத்திலேயே மெந்தா புலேஜியம் என்றொரு செடி உண்டு. அதன் எண்ணெயிலுள்ள புலெகோன் கல்லீரலை அழிக்கவல்லது. கருக்கலைப்புக்கென்று அதை அருந்திய பெண்கள் உயிரிழந்திருக்கின்றனர். ‘மெந்தா இனச் செடிகள் பாதுகாப்பானவை’ என்று பொதுவாக எழுதும் கை ஒரு நொடி தயங்க வேண்டும்.

5. தட்டில் விழும் வட்டங்கள்

நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வுகள் தனியே ஒரு சொல்லுக்கு உரியவை. ஊடகத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, எண்ணெயில் நனைத்த காகித வில்லையை வைத்து, மறுநாள் அதைச் சுற்றி உருவாகும் தெளிந்த வட்டத்தை அளவுகோலால் அளப்பது ஒரு நல்ல பயிற்சி. மாணவர்கள் அதைக் கற்க வேண்டும். ஆனால் செறிந்த ஆவியெண்ணெய் எதை வைத்தாலும் தட்டில் ஏதோ ஒரு வட்டம் விழும். கிராம்பு எண்ணெய்க்கு விழும்; ஓம எண்ணெய்க்கு விழும்; எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கும் விழும். உடலுக்குள் அந்தச் செறிவை எட்ட இயலுமா, எட்டினால் மனித உயிரணுக்கள் தாங்குமா என்பன அடுத்த கேள்விகள். அவற்றைக் கேட்காமலே ‘தொற்றுநோய் மருத்துவத்தில் புதினாவின் பங்கு’ என்று முடிவுரை எழுதப்படுகிறது.

இந்தியத் தெருக்களில் பானிபூரியின் பச்சை நீர் புதினாவால் ஆனது. அந்த நீரால் டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் பரவக்கூடும் என்பது மருத்துவர் எவரும் அறிந்தது. நுண்ணுயிரைக் கொல்லும் இலை அதே நீரில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. நோயைத் தீர்மானிப்பது இலையின் ஆற்றலன்று. அதை அலசிய தண்ணீரின் தூய்மை. பொதுநலத்துக்குப் பயன்படும் புதினா ஆய்வு ஒன்று வேண்டுமென்றால், தட்டை விட்டுத் தள்ளுவண்டியின் தண்ணீர்க் குடத்துக்குப் போக வேண்டும்.

6. மரபின் பெயரால்

இத்தகைய விமர்சனம் எழும்போதெல்லாம் மரபு கேடயமாகத் தூக்கப்படுகிறது. நூற்றாண்டுக் கால அனுபவத்தை மேலைநாட்டு அளவுகோலால் அளப்பது ஆதிக்கம் என்பர். இந்த வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. காப்புரிமை பெறமுடியாத இலைக்காகப் பெருநிறுவனம் எதுவும் பெரும் சோதனை நடத்தாது. சான்று இல்லாமை என்பது சிலவேளை பணம் இல்லாமையே. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மரபைக் கேடயமாகப் பிடிப்பவர்கள் அந்த மரபைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. யுனானி மருத்துவம் புதினாவை ஆற்றோரத்தது, மலையில் வளர்வது, தோட்டத்தில் வளர்ப்பது என்று பிரித்துப் பேசியது. இன்ன நோய்க்கு, இன்ன உடல்வாகினருக்கு, இன்ன வடிவில், இன்ன துணைச்சரக்குடன் என்று வரையறுத்தது. வடிநீரான அர்க் வேறு, லேகியமான ஜவாரிஷ் வேறு என்று கொண்டது. அந்தப் பிரிவுகள் இன்றைய வகைப்பாட்டியலோடு பொருந்துமா என்பது தனிக் கேள்வி. வேறுபடுத்த வேண்டும் என்ற அறிவு அங்கே இருந்தது. அமிர்ததாரா என்று வடநாட்டில் புகழ்பெற்ற நீர்மருந்தில் கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு ஆகிய மூன்று திடப்பொருள்கள் தண்ணீர் சேர்க்காமலே ஒன்றையொன்று உருக்கி நீர்மமாகின்றன. உருகுநிலைத் தாழ்வு என்று இன்று பாடநூல் விளக்கும் நிகழ்வைக் கண்ணால் கண்டு கையால் கையாண்டவர்கள் அவர்கள். சிற்றினத்தின் பெயரைக்கூடக் குறிக்காத ஆய்வேடு அத்தகைய மரபின் வாரிசு என்று தன்னை அழைத்துக்கொள்வது மரபுக்கு இழுக்கு. சான்று கேட்பவர்கள் மரபை இழிவுபடுத்தவில்லை. மரபின் துல்லியத்தைத் தொலைத்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டவர்களே இழிவுபடுத்துகின்றனர்.

7. சமையலறையின் நேர்மை

புதினாவைப் பற்றிப் பொய் சொல்லாத ஓரிடம் இந்தியாவில் உண்டென்றால் அது அடுப்படி. ஹைதராபாத் பிரியாணியில் மூடியை மாவால் ஒட்டித் தம் போடுவது ஆவியாகும் மணத்தை உள்ளேயே சிறைப்படுத்துகிறது. காஷ்மீரத்து யக்னியில் காய்ந்த புதினாவைத் தயிர்க்குழம்பின் மேல் தூவுகின்றனர். மணப்பொருள்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்கு கரைவன என்பதால் தயிரின் கொழுப்பு அவற்றைப் பிடித்துவைக்கிறது. லக்னோவின் ஷாமி கபாபுக்குள் வெங்காயத்தோடு புதினாவைப் பொடியாக நறுக்கி வைப்பது இறைச்சியின் கனத்தை வெட்டுவதற்காக. பார்சிகளின் பத்ரா நி மச்சியில் மீனைப் போர்த்தும் பச்சைத் துவையலில் தேங்காயும் கொத்தமல்லியும் புதினாவும் சேர்கின்றன. வாழையிலை அதன்மேல் மூடி. மணிப்பூரில் புதினாவின் பெயர் நுங்ஷி ஹிடாக். அன்பின் மருந்து என்று பொருள். எந்த நோய்க்கு என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நன்று.

துவையல் அரைப்பவர் அறிந்த வேதியியலும் சிறிதன்று. இலையை அரைத்து நெடுநேரம் வைத்தால் கறுக்கும். நொதிகள் பாலிஃபீனால்களைக் காற்றோடு சேர்ப்பதால் அவ்வாறாகிறது. குளிர்ந்த நீர் விட்டு அரைத்தால் நொதிகளின் வேகம் குறையும். எலுமிச்சையைக் கடைசியில் பிழிய வேண்டும். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் பச்சையம் தன் மக்னீசியத்தை இழந்து பழுப்பேறும். இவையெல்லாம் நாள்தோறும் திரும்பச் செய்யப்படும் சோதனைகள். ஒரு பெண் சொன்னதை இன்னொரு பெண் தன் வீட்டில் சோதித்துப் பார்த்து, சரியில்லையென்றால் மாற்றிக்கொள்கிறாள். சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பல்கலைக்கழகம் பெருமையோடு சொல்லும் முறை அங்கே எவ்விதச் சடங்குமின்றி நடக்கிறது. உணவைச் சுவையாக்குவது, உண்ண மனமில்லாதவரை உண்ணச் செய்வது, மலிவான பருப்புக்கும் தயிருக்கும் மணம் கூட்டுவது ஆகியவை இழிந்த பயன்கள் அல்ல. இவற்றைச் ‘சமையல் பயன்’ என்று ஒரு வரியில் கடந்து, ‘புற்றுநோய்த் தடுப்பு’ என்று ஒரு பக்கம் எழுதுபவர் மெய்யைச் சுருக்கி ஊகத்தைப் பெருக்குகிறார்.

8. பட்டியலில் இல்லாதவர்கள்

இந்தப் பட்டியல்களில் ஒருபோதும் இடம்பெறாத மனிதர்களும் உண்டு. உலகின் இயற்கை மென்தாலில் மிகப் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து செல்கிறது. அதிலும் பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, பதாயூன், ராம்பூர், சம்பல் போன்ற மாவட்டங்களிலிருந்து. ஒரு காலத்தில் ஜப்பானும் பின்னர் பிரேசிலும் சீனமும் வகித்த இடம் இது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, மணமூட்டித் தாவர நிறுவனம் வெளியிட்ட ‘கோசி’ போன்ற ரகங்கள் கோதுமைக்கோ உருளைக்கோ பின், நெல்லுக்கு முன் உள்ள குறுகிய இடைவெளியில் ஒரு பணப்பயிரைச் சாத்தியமாக்கின. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு இப்படியும் பயன்தர முடியும் என்பதற்கு இது சான்று. இலைக்குக் காசு செலவிட யாரும் இல்லை என்று புலம்புவோர் இதைக் கருத வேண்டும். செடியை மேம்படுத்த முடிந்த நாட்டுக்கு, அந்தச் செடியின் மருந்தை ஒழுங்காகச் சோதிக்க முடியாதா?

அந்த இடைவெளிப் பயிருக்கு விலையும் உண்டு. அது நிலத்தில் நிற்பது கடுங்கோடையில்; அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டும்; அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அறுவடைக்கு முன் மழை முந்திக்கொண்டால் எண்ணெய் குறையும். வயலோரத்தில் தகரத் தொட்டியில் ஆவி ஏற்றி எண்ணெய் வடிக்கும்போது தரமற்ற கொதிகலன் வெடித்து உயிர்கள் போவதும் செய்தியாக வந்திருக்கிறது. 2005இலிருந்து மென்தா எண்ணெய் முன்பேர வணிகத்தில் விற்கப்படும் சரக்கு. 2012இல் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய விலை, அதை நம்பிப் பலரும் நட்ட பின் பாதிக்கும் கீழே சரிந்தது. மறுபுறம், 1980களிலிருந்தே செயற்கை மென்தால் ஆலைகளில் உருவாகி வருகிறது. அதற்கு வழிவகுத்த வினையூக்க முறைக்காக ரியோஜி நொயோரி 2001இல் நோபல் பரிசு பெற்றார். ஆலை மூலக்கூறுக்கும் வயல் மூலக்கூறுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு, விலை விழும்போது யார் நட்டப்படுகிறார் என்பதில் இருக்கிறது.

அந்த எண்ணெய் எங்கே போகிறது? பற்பசைக்கும் தைலத்துக்கும் மிட்டாய்க்கும் போகிறது. பான் மசாலாவுக்கும் புகையிலைக்கும் போகிறது. புகையின் கரகரப்பை மறைத்து, புதிதாகப் பழகுபவருக்கு அதை எளிதாக்கும் வேலையையும் மென்தால் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மென்தால் சிகரெட்டைத் தடைசெய்தது அதனால்தான். ‘புதினாவின் மருத்துவப் பயன்கள்’ என்ற தலைப்பில் முந்நூறு கட்டுரைகளைப் படித்தாலும் இந்தப் பயன் கண்ணில் படாது.

9. கேட்கவேண்டியவை

வேண்டுவது பெரிய சீர்திருத்தம் ஏதுமன்று. நெறியாளர் ஒருவர் தம் மாணவரின் புதினா ஆய்வேட்டில் கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும். எந்தச் சிற்றினம்? இலையா, நீரா, எண்ணெயா? எவ்வளவு? யாரிடம் சோதிக்கப்பட்டது: தட்டிலா, எலியிலா, மனிதரிடமா? யாருக்குக் கூடாது? இந்த ஐந்துக்கும் விடை இல்லாத வரி எதுவாயினும் அதை அடித்துவிடலாம். இதழாசிரியர்கள் இதே ஐந்தைத் தொகுப்புக் கட்டுரைகளிடமும் கேட்கலாம். கேட்டால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும், அது இழப்பாகாது.

மாணவர்களுக்கும் ஒன்று உண்டு. மேற்கோளாக ஒரு கட்டுரையைக் காட்டும்போது அதைத் திறந்து படித்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. புதினா விஷயத்தில் அது எழுதப்பட வேண்டிய விதியாகிவிட்டது. வாய்மொழித் தேர்வில் ‘இந்த 42 பேரில் எத்தனை பேருக்கு முடி வளர்ச்சி உண்மையில் குறைந்தது?’ என்று ஒருவர் கேட்டால் விடை சொல்லத் தெரிய வேண்டும். தெரியாதென்றால் அந்த வரி ஆய்வேட்டில் இருக்கக்கூடாது.

மாயாஜால மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே இந்த நாடு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் வணிகரைக் கட்டுப்படுத்தும், பேராசிரியரைக் கட்டுப்படுத்தாது. ஆகவேதான் வணிகர் இன்று பேராசிரியரின் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார். மூலிகைத் தேநீர் உறையின் பின்புறம் ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று அச்சிடப்படும்போது, அந்த ஆய்வுகள் எங்கே எழுதப்பட்டன, யார் கையொப்பமிட்டனர் என்று பல்கலைக்கழகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.